கால்வே நகரத் தொகுதி (1801–1918): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கால்வே நகரம், 1801 முதல் 1918 வரை லண்டன் நாடாளுமன்றத்தின் மக்களவைக்குத் தன் பெயரிலேயே உறுப்பினர்களை அனுப்பி வந்தது. 1886-இல் இங்கு பதிவான மொத்த வாக்குகள் ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. இருந்தும் ஐரிஷ் சுயாட்சிக் கட்சித் தலைவர் பார்னெலின் வீழ்ச்சியைப் பற்றிப் படிப்பவர்களும், தேசத்துரோகச் சட்டத்தைப் பற்றிப் படிப்பவர்களும், அட்லாண்டிக் தபால் கப்பல்களைப் பற்றிப் படிப்பவர்களும் இந்தச் சிறிய தொகுதியில் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்படுகின்றன.

'பரோ' தொகுதி என்று எதைச் சொல்கிறார்கள்?

அரசரின் பட்டயத்தால் தன்னாட்சி உரிமை பெற்ற நகரத்தையே பரோ என்றார்கள். அந்த உரிமைகளுள் ஒன்று, மாவட்டத்துக்கான உறுப்பினர்களோடு சேராமல் நகரத்துக்கெனத் தனியாக உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்புவது. 1800 வரை டப்ளினில் கூடிய ஐரிஷ் மக்களவையில் 300 இடங்கள் இருந்தன. 32 மாவட்டங்கள், ஒரு பல்கலைக்கழகம், 117 பரோக்கள் ஆகியவை தலைக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பின. இந்த 117-இல் பெரும்பாலானவை பெயருக்குத்தான் நகரங்கள். ஒரு நிலப்பிரபுவின் விரலசைவில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி 'தேர்ந்தெடுத்து' அனுப்பும் இடங்களாகவே அவை இருந்தன.

பிரிட்டனோடு அயர்லாந்தை இணைத்த சட்டம் 1801-இல் நடைமுறைக்கு வந்தபோது 84 பரோக்கள் ஒழிக்கப்பட்டன. ஒழிக்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் 15,000 பவுண்டு இழப்பீடு கொடுக்கப்பட்டது. அந்தப் பணம் வாக்காளர்களுக்குப் போகவில்லை, தொகுதியைத் தம் சொத்தாக வைத்திருந்த பிரபுக்களுக்குத்தான் போனது. நாடாளுமன்ற இடம் என்பது விலைமதிப்புள்ள தனியார் சொத்து என்று அரசே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எஞ்சிய 33 பரோக்களில் கால்வேயும் ஒன்று. ஆனால் அதன் இரண்டு இடங்கள் ஒன்றாகக் குறைந்தன.

கால்வேக்கு இந்தத் தகுதி எப்படி வந்தது?

மூன்றாம் ரிச்சர்ட் அரசர் 1484-இல் வழங்கிய பட்டயத்தின்படி கால்வே மக்கள் தங்கள் மேயரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றனர். அப்போது நகரத்தை ஆண்டவை ஸ்பெயினோடும் பிரான்ஸோடும் மது வணிகம் செய்த சில குடும்பங்கள். பிற்காலத்தில் இவை கால்வேயின் 'பதினான்கு குலங்கள்' என்று அழைக்கப்பட்டன: லிஞ்ச், பிளேக், பாட்கின், மார்ட்டின், ஜாய்ஸ், கிர்வான், மாரிஸ் முதலியவை. இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அவற்றில் பல நானூறு ஆண்டுகள் கழித்து மக்களவை உறுப்பினர் பட்டியலிலும் வருகின்றன. 1610-இல் முதலாம் ஜேம்ஸ் வழங்கிய பட்டயம் நகரத்தையும் அதைச் சுற்றிய நிலப்பரப்பையும் கால்வே மாவட்டத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டத் தகுதி கொடுத்தது. 'கால்வே மாவட்டம்' வேறு, 'கால்வே நகர மாவட்டம்' வேறு என்ற குழப்பம் தொடங்கியது அப்போதுதான்.

அந்தக் காலத்தில் வாக்குரிமை யாருக்கு இருந்தது?

முதன்மையாக 'ஃப்ரீமேன்' எனப்பட்ட நகர உரிமை பெற்றோருக்கு. பிறப்பாலோ, தொழில் பழகியதாலோ, மாநகர அவையின் தயவாலோ ஒருவர் இந்த உரிமையைப் பெறலாம். மூன்றாவது வழியில்தான் சூட்சுமம் இருந்தது. அவையைக் கைக்குள் வைத்திருப்பவர், தமக்கு வேண்டியவர்களைக் கூட்டமாகச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. அவர்கள் கால்வேயில் குடியிருந்தார்களா என்பதைக்கூட யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை.

நகர மக்களில் மிகப் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். ஆனால் 1717-இல் ஐரிஷ் நாடாளுமன்றம் கால்வேக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது; நகரத்தில் புரட்டஸ்டண்டு செல்வாக்கை வலுப்படுத்துவதே தன் நோக்கம் என்று அந்தச் சட்டம் தன் தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டது. 1728-இல் அயர்லாந்து முழுவதும் கத்தோலிக்கர்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டது. 1793-இல்தான் திரும்பக் கிடைத்தது. அப்போதும் வாக்களிக்கத்தான் உரிமை, உறுப்பினராக அமர உரிமை இல்லை. அது 1829-இல் வந்தது. இந்தச் சூழலில் டன்சாண்டிலைச் சேர்ந்த டேலி குடும்பம் மாநகர அவையைத் தன் கைப்பிடிக்குள் வைத்திருந்தது. இணைப்புக்குப் பிந்தைய முதல் உறுப்பினர் செயின்ட் ஜார்ஜ் டேலி. அடுத்த பத்தாண்டுகளில் டெனிஸ் பவுஸ் டேலி, ஜேம்ஸ் டேலி என்று அதே குடும்பப் பெயரே திரும்பத் திரும்ப வருகிறது.

1832-இன் சீர்திருத்தம் எதை மாற்றியது?

இரண்டு மாற்றங்கள். கால்வே, லிமரிக், வாட்டர்ஃபோர்ட், பெல்ஃபாஸ்ட் ஆகிய நகரங்களுக்கும் டப்ளின் பல்கலைக்கழகத்துக்கும் கூடுதலாக ஓர் இடம் கிடைத்தது. ஆகவே கால்வே மீண்டும் இரட்டை உறுப்பினர் தொகுதியானது. ஆண்டுக்கு 10 பவுண்டு மதிப்புள்ள கட்டடத்தில் குடியிருப்போருக்கும் வாக்குரிமை வந்தது. டேலிகளின் பிடி தளர்ந்தது, பழைய குலப்பெயர்கள் மேலே வந்தன. 1832-இல் ஆண்ட்ரூ ஹென்றி லிஞ்ச் வென்றார். தேர்தல் வழக்கின் முடிவில் 1833-இல் மார்ட்டின் ஜோசப் பிளேக் மற்றோர் இடத்தைப் பெற்று 1857 வரை அதில் நீடித்தார். 1841-இல் சர் வாலன்டைன் பிளேக் வந்தார்.

ஃப்ரீமேன் வாக்குகள் மட்டும் ஒழியவில்லை. பழைய உரிமை என்ற பெயரில் அவை நீடித்தன. அந்த மிச்சம் பின்னால் பெரும் வம்பாக முடிந்தது.

1847 இடைத்தேர்தலைப் பலரும் குறிப்பிடுவது ஏன்?

அது பெரும் பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டு. அந்த ஆண்டின் பிப்ரவரியில், அரசின் சட்ட அதிகாரியான ஜேம்ஸ் ஹென்றி மோனஹன் கால்வேயில் அரசுத் தரப்பு வேட்பாளராக நின்றார். எதிரில் இணைப்பை ரத்துசெய்யக் கோரிய ஆண்டனி ஓஃப்ளாஹர்ட்டி. 'இளம் அயர்லாந்து' இயக்கத்தின் இளைஞர்கள் டப்ளினிலிருந்து வந்து அவருக்காக வாக்குக் கேட்டார்கள். மக்கள் பசியால் சாகும்போது அரசின் ஆளையே தேர்ந்தெடுக்கலாமா என்பது அவர்களின் கேள்வி. மோனஹன் 4 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாக்குச்சீட்டு இரகசியமில்லாத காலம் அது. வாக்காளர் மேடையேறித் தம் தேர்வை உரக்கச் சொல்ல வேண்டும், நிலக்காரரின் முகவர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்த நிலையில் வித்தியாசம் நான்கே என்பதைத்தான் நாம் வியக்க வேண்டும்.

அதே ஆண்டு பொதுத்தேர்தலில் ஓஃப்ளாஹர்ட்டி வென்றுவிட்டார். மோனஹனோ தலைமை அரசு வழக்கறிஞராக உயர்ந்து, 1848 கிளர்ச்சிக்காக வில்லியம் ஸ்மித் ஓபிரையன் மீது தேசத்துரோக வழக்கை நடத்தினார். ஸ்மித் ஓபிரையனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. அந்தப் பெயர் இந்தப் பக்கத்தின் கடைசிப் பகுதியில் மறுபடியும் வரும்.

கால்வே லஞ்சத்துக்குப் பேர்போன தொகுதி என்பது உண்மையா?

உண்மைதான். 1857 பொதுத்தேர்தலில் டங்கெலின் பிரபுவும் ஓஃப்ளாஹர்ட்டியும் தேர்வானார்கள். தேர்தல் வழக்கில் லஞ்சம் நிரூபிக்கப்பட்டு ஓஃப்ளாஹர்ட்டியின் தேர்வு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அத்தோடு நிற்காமல், கால்வேயில் நடந்த ஊழலை விசாரிக்க ஓர் ஆணையமும் அமைக்கப்பட்டது. காலியான இடம் 1859 பிப்ரவரி வரை நிரப்பப்படவே இல்லை.

பணம் பெரும்பாலும் ஏழைக் கைவினைஞர்களான ஃப்ரீமேன்களுக்குத்தான் போனது. அவர்களைத் திட்டுவது எளிது. ஆனால் மேல்தட்டில் நடந்ததை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 84 தொகுதிகளுக்கு 12,60,000 பவுண்டு அள்ளிக் கொடுத்த நாடாளுமன்றம், ஒரு தச்சர் தம் ஒற்றை வாக்குக்கு வாங்கிய சில பவுண்டுகளைக் கண்டு அதிர்ச்சியடைந்தது என்பதை என்னால் சிரிக்காமல் எழுத முடியவில்லை.

மான்செஸ்டர் முதலாளியான ஜான் ஆரல் லெவர் கால்வே உறுப்பினரானது எப்படி?

கப்பலால். அவர் கால்வேயைச் சேர்ந்தவர் அல்லர், ஐரிஷ்காரரும் அல்லர். ஆனால் ஊர் நெடுங்காலமாகக் கண்ட கனவு அவர் கையில் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் கப்பல்கள் கடைசியாகக் காணும் நல்ல துறைமுகங்களில் கால்வேயும் ஒன்று. 1851-இல் டப்ளினிலிருந்து ரயில் பாதையும் வந்துவிட்டது. லண்டன் தபாலை ரயிலில் கால்வே வரை கொண்டுவந்து இங்கிருந்து கப்பலேற்றினால் லிவர்பூலைவிட விரைவாக நியூயார்க் சேரும் என்பது கணக்கு. பஞ்சத்தில் நொடித்துப்போன நகரத்துக்கு இதைவிடப் பெரிய நம்பிக்கை வேறு இருக்க முடியாது.

1858-இல் லெவர் 'கால்வே லைன்' கப்பல் போக்குவரத்தைத் தொடங்கினார். முதல் கப்பலின் பெயர் 'இந்தியன் எம்பயர்'. அந்த ஜூன் மாதம், முதல் பயணத்துக்காகக் கால்வே வளைகுடாவுக்குள் நுழைந்தபோதே, மாலுமிகள் எல்லாரும் அறிந்த மார்கரீட்டா பாறையில் அது மோதியது. அகலமான வளைகுடாவில் அந்த ஒரு பாறையை எப்படித் தேடிப் போய் மோத முடியும் என்று ஊரே கேட்டது. வழிகாட்டிய உள்ளூர்ப் படகோட்டிகள் கைதானார்கள்; தொழில் போய்விடுமென அஞ்சிய லிவர்பூல் வணிகர்கள்தான் காசு கொடுத்துச் செய்துவிட்டார்கள் என்ற பேச்சு நெடுநாள் ஓயவில்லை. பழுது பார்த்துக் கப்பல் புறப்பட்டது.

உள்ளூரில் லெவருக்குப் பெரும் துணையாக இருந்தவர் பாதிரியார் பீட்டர் டேலி. நகர ஆணையர் அவையில் அவர் வைத்ததுதான் சட்டம். 1859 பிப்ரவரியில் காலியிடத்துக்கு லெவர் தேர்வானார். அதே ஆண்டு பொதுத்தேர்தலை ஒட்டி, டெர்பி பிரபுவின் அரசு ஒரு போக்குவரத்துப் பயணத்துக்கு 3,000 பவுண்டு, ஆண்டுக்கு மொத்தம் 78,000 பவுண்டு என்று தபால் ஒப்பந்தம் வழங்கியது. தேர்தல் நெருங்கும்போது ஒப்பந்தம் கையெழுத்தாவதைப் பார்த்துச் சந்தேகப்பட யாருக்கும் தனிப் பயிற்சி வேண்டியதில்லை. பின்னர் நாடாளுமன்றக் குழு ஒன்றும் இதை விசாரித்தது.

வாக்குறுதியைக் கப்பல்கள் காப்பாற்றவில்லை. கால அட்டவணை நாளுக்கு நாள் பிசகியது. 1860 அக்டோபரில் 'கொனாக்ட்' என்ற புதிய பெரிய கப்பல் பாஸ்டன் கரைக்கு அப்பால் தீப்பிடித்து எரிந்தது. அருகில் வந்த சிறு பாய்மரக் கப்பலொன்று அதிலிருந்த அனைவரையும் காப்பாற்றியது. 1861-இல் பாமர்ஸ்டன் அரசு ஒப்பந்தத்தை ரத்துசெய்தது. ஐரிஷ் உறுப்பினர்களின் கொதிப்புக்குப் பின் 1863-இல் அது புதுப்பிக்கப்பட்டாலும், 1864-இல் நிறுவனமே மூழ்கியது. 1865-இல் லெவரின் இடமும் போனது. இவ்வளவுக்குப் பிறகும் 1880-இல் அவர் மீண்டும் நின்றார், மீண்டும் வென்றார். துறைமுகக் கனவு ஊரை விட்டு அவ்வளவு எளிதில் போகவில்லை என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

டங்கெலின் பிரபு யார்?

கிளான்ரிக்கார்ட் பெருநிலக் குடும்பத்தின் மூத்த மகன். கிரிமியப் போரில் செவஸ்தபோலுக்கு வெளியே ரஷ்யர்களிடம் சிறைப்பட்டவர். இந்தியத் தலைமை ஆளுநராக இருந்த கானிங் பிரபு இவருடைய தாய்மாமன். அவரிடம் 1856-இல் இராணுவச் செயலராகப் பணியாற்றினார். 1857 முதல் 1865 வரை கால்வே நகரத்துக்கும், அதன்பின் கால்வே மாவட்டத்துக்கும் உறுப்பினர். 1866-இல் சீர்திருத்த மசோதாவுக்கு இவர் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறியதால் ரஸ்ஸல் பிரபுவின் அரசு கவிழ்ந்தது. ஆனால் அப்போது இவர் மாவட்டத்தின் உறுப்பினர் என்பதால், அந்தப் பெருமையோ பழியோ நகரத் தொகுதிக்குச் சேராது.

1872-இல் பாதிரியார்களைக் கண்டித்து நீதிபதி கியோ அளித்த பெயர்பெற்ற தீர்ப்பு இந்தத் தொகுதி பற்றியதா?

இல்லை. அது கால்வே மாவட்டத் தொகுதியின் இடைத்தேர்தல். கேப்டன் நோலனின் தேர்வு செல்லாது என்று அறிவித்த தீர்ப்பு அது. இணையத்தில் இரண்டையும் கலந்து எழுதியிருப்பதை அடிக்கடி காணலாம். குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: இரண்டே ஆண்டுகள் கழித்து நகரத் தொகுதியிலும் தேர்தல் வழக்கு வந்தது. 1874 பொதுத்தேர்தலில் வென்ற செயின்ட் லாரன்ஸ் பிரபு, தந்தை இறந்ததால் உடனே ஹௌத் பிரபுப் பட்டத்துக்கு வாரிசானார். இடைத்தேர்தலில் ஃபிராங்க் ஹியூ ஓடானல் வென்றார். வழக்கில் அவர் தேர்வு செல்லாமல் போக, மைக்கேல் ஃபிரான்சிஸ் வார்டு வந்தார். ஓடானல் பின்னர் டங்கார்வன் தொகுதியிலிருந்து மக்களவைக்குள் நுழைந்தார்.

1885-இல் சிறு நகரங்கள் எல்லாம் தொகுதித் தகுதியை இழந்தபோது கால்வே தப்பியது எப்படி?

முழுமையாகத் தப்பவில்லை, இரண்டு இடங்களில் ஒன்று போனது. ஊழலுக்காகக் காஷலும் ஸ்லைகோவும் 1870-இலேயே நீக்கப்பட்டிருந்தன. 1885 மறுவரையறையில் மேலும் 22 ஐரிஷ் நகரத் தொகுதிகள் மறைந்தன. எஞ்சியவை ஒன்பது: டப்ளின், பெல்ஃபாஸ்ட், கார்க், லிமரிக், வாட்டர்ஃபோர்ட், லண்டன்டெரி, நியூரி, கில்கென்னி, கால்வே. கால்வேயின் நாடாளுமன்ற எல்லை நகரத்துக்கு வெளியே கிராமப்புறத்தையும் உள்ளடக்கியிருந்தது. எண்ணிக்கையில் அது கைகொடுத்தது.

1886 இடைத்தேர்தலில் உண்மையில் நடந்தது என்ன?

இந்தத் தொகுதியின் பெயர் வரலாற்று நூல்களில் நிலைத்திருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1885 பொதுத்தேர்தலில் டி.பி. ஓகானர் என்ற பத்திரிகையாளர் கால்வேயிலும் லிவர்பூலின் ஸ்காட்லாந்து தொகுதியிலும் வென்றார். கால்வேயில் கல்லூரிப் படிப்பை முடித்தவர், 1880 முதல் கால்வே உறுப்பினர். இருந்தும் லிவர்பூலைத் தேர்ந்துகொண்டு, 1929-இல் இறக்கும்வரை அந்த இடத்தை வைத்திருந்தார். கால்வே காலியானது.

அந்த இடத்துக்குக் கட்சித் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் அறிவித்த பெயரைக் கேட்டுக் கட்சியே திகைத்தது. கேப்டன் வில்லியம் ஓஷே, கட்சி உறுப்பினர் அல்லர். கட்சியோடு சேர்ந்து வாக்களிப்பேன் என்று எல்லா வேட்பாளர்களும் கையெழுத்திடும் உறுதிமொழியை ஏற்க மறுத்தவர். சில மாதங்களுக்கு முன்புதான் லிவர்பூலில் லிபரல் வேட்பாளராக நின்று தோற்றவர். இவற்றுக்கெல்லாம் மேலாக, அவருடைய மனைவி கேத்தரின், பல ஆண்டுகளாகப் பார்னெலோடு வாழ்ந்துவந்தார். கட்சியின் உள்வட்டத்தில் இது தெரிந்திருந்தது. வெளியே யாரும் பேசவில்லை.

கட்சியின் முன்னணி உறுப்பினர்களான டிம் ஹீலியும் ஜோசப் பிக்கரும் இதைப் பொறுக்கவில்லை. இருவரும் கால்வேக்கு விரைந்து, மைக்கேல் லிஞ்ச் என்ற உள்ளூர்க்காரரை எதிர்த்து நிறுத்தினார்கள். ஓஷே குடும்பத்தால் உனக்கு அழிவுதான் என்ற பொருள்படப் பிக்கர் பார்னெலுக்குத் தந்தி அடித்தார். ஊர் முழுவதும் லிஞ்சின் பக்கம் நின்றது. பிப்ரவரி 9 அன்று பார்னெல் ரயிலில் வந்து இறங்கினார். நிலையத்தை ஒட்டிய ரயில்வே ஹோட்டலில் தம் கட்சிக்காரர்களைச் சந்தித்தார். பிரதமர் கிளாட்ஸ்டனின் லிபரல் அரசு அப்போதுதான் பதவியேற்றிருந்தது. அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் தரும் சுயாட்சி மசோதா வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு நாடெங்கும் இருந்தது. அயர்லாந்துக்கான நாடாளுமன்றம் என் உள்ளங்கையில் இருக்கிறது, இந்த நேரத்தில் என்னைத் தோற்கடித்தால் எல்லாம் போய்விடும் என்பதே பார்னெலின் வாதம். அதற்கு மறுமொழி சொல்ல யாராலும் முடியவில்லை. ஹீலி பணிந்தார், லிஞ்ச் விலகினார். ஆனால் வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நேரம் கடந்துவிட்டதால் அவர் பெயர் வாக்குச்சீட்டில் இருந்தது. ஓஷே 942, லிஞ்ச் 54.

ஜூன் 8 அன்று சுயாட்சி மசோதா 341-க்கு 311 என்று தோற்றது. இத்தனைக்கும் பிறகு கால்வேயின் உறுப்பினர் ஓஷே வாக்களிக்காமலே வெளியேறினார். அத்தோடு அவருடைய உறுப்பினர் வாழ்வும் முடிந்தது.

பார்னெல் ஏன் அப்படிச் செய்தார்?

ஓஷேயின் வாயை அடைக்க என்பது பரவலான விளக்கம். ஓஷேயின் வழியாக லிபரல் தலைவர்களுள் ஒருவரான ஜோசப் சேம்பர்லினோடு தொடர்பு வைத்திருப்பது பயன்படும் என்று பார்னெல் கருதியிருக்கலாம் என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. ஆனால் ஓஷே 1889 டிசம்பரில் மணவிலக்கு வழக்குத் தொடுத்து, 1890 நவம்பரில் தீர்ப்புப் பெற்றதும், கட்சி இரண்டாகப் பிளந்தது. அப்போது கால்வே நினைவு எல்லாருக்கும் திரும்பியது. ஹீலியின் சொற்களில் இருந்த நஞ்சுக்கு, நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த ஹோட்டலில் விழுங்கிய அவமானமும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது. 1891 அக்டோபர் 6 அன்று பார்னெல் இறந்தார்.

ஓஷேக்குப் பின் யார் வந்தார்கள்?

ஆன்ட்ரிம் மாவட்டத்துப் புரட்டஸ்டண்டு குத்தகை விவசாயியான ஜான் பிங்கர்டன், 1886 முதல் 1900 வரை. கத்தோலிக்க நகரம் ஒன்று வடக்கத்தியப் புரட்டஸ்டண்டு ஒருவரைப் பதினான்கு ஆண்டுகள் வைத்திருந்தது கவனிக்கத்தக்கது. 1892-இல் பார்னெல் அணியின் ஆர்தர் லிஞ்ச் இவரை வீழ்த்தும் அளவுக்கு நெருங்கி வந்து தோற்றார்.

1900-இல் பெரிய வியப்பு: இணைப்பு ஆதரவாளரான மார்ட்டின் மாரிஸ் வென்றார். கொள்கையைவிடக் குடும்பமே இங்கே பேசியது. அவருடைய தந்தை மைக்கேல் மாரிஸ் 1865-இல் இதே தொகுதியில் வென்று, பின்னர் அயர்லாந்தின் தலைமை நீதிபதியானவர். சிற்றப்பா ஜார்ஜ் மாரிஸும் இரு முறை உறுப்பினராக இருந்தவர். பதினான்கு குலங்களில் ஒன்றின் பெயர் இன்னும் செல்லுபடியாகும் என்பதை ஊர் காட்டியது. அடுத்த ஆண்டே தந்தை இறக்க, மகன் கில்லானின் பிரபுவாகி மேலவைக்குப் போனார்.

தேசத்துரோகத்துக்காக மரண தண்டனை பெற்ற உறுப்பினர் இவர்களில் யார்?

அந்த ஆர்தர் லிஞ்ச்தான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1861-இல் பிறந்தவர்; பொறியாளர், மருத்துவர், பத்திரிகையாளர். போயர் போரின்போது தென்னாப்பிரிக்கா சென்று, பிரிட்டிஷ் படைக்கு எதிராகப் போரிட்ட இரண்டாம் ஐரிஷ் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1901 நவம்பரில் கால்வே இடைத்தேர்தல் வந்தபோது அவர் பாரிஸில் இருந்தார். கைதாகும் அச்சத்தால் ஊருக்கு வரவே இல்லை. எதிரில் நின்றவர் சாமானியர் அல்லர்: அயர்லாந்தின் கூட்டுறவு இயக்கத்தைத் தொடங்கிய சர் ஹோரஸ் பிளங்கெட். வராத லிஞ்சுக்கு 1,247 வாக்குகள், வீடு வீடாக வந்து கேட்ட பிளங்கெட்டுக்கு 473.

1902 ஜூனில் தம் இடத்தில் அமர லிஞ்ச் இங்கிலாந்துக்கு வந்தார், வந்ததும் கைது. 1903 ஜனவரியில் 1351-ஆம் ஆண்டின் தேசத்துரோகச் சட்டத்தின்படி விசாரணை நடந்தது. தாம் முறைப்படி போயர் குடியரசான டிரான்ஸ்வாலின் குடியுரிமை பெற்றவர் என்பது லிஞ்சின் வாதம். போர் நடக்கும்போது எதிரி நாட்டின் குடிமகனாவதே துரோகச் செயல், அதைக் காட்டித் தப்ப முடியாது என்றது நீதிமன்றம். சட்டக் கல்லூரிகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் முடிவு இது. மரண தண்டனை உடனே ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, ஓராண்டில் விடுதலையும், 1907-இல் மன்னிப்பும் கிடைத்தன. 1909-இல் அவர் மேற்கு கிளேர் தொகுதியின் உறுப்பினரானார். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் பிரிட்டிஷ் படையின் கர்னல் பதவியேற்று அயர்லாந்தில் ஆள் சேர்க்க முயன்றார் என்பதைச் சொன்னால் நம்பாதவர்கள் உண்டு.

ஆண்ட்ரூ ஹென்றி லிஞ்ச் (1832), மைக்கேல் லிஞ்ச் (1886), ஆர்தர் லிஞ்ச் (1901) ஆகிய மூவரும் வேறு வேறு ஆட்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கடைசி உறுப்பினர் யார்?

ஆர்தர் லிஞ்சின் இடத்துக்கு 1903-இல் கனடாவைச் சேர்ந்த சார்லஸ் ராம்சே டெவ்லின் போட்டியின்றித் தேர்வானார். 1906-இல் அவர் கனடா அரசியலுக்கே திரும்பினார். அதனால் வந்த இடைத்தேர்தலில் வென்ற ஸ்டீபன் குவின், தொகுதி ஒழியும்வரை இருந்தார். எழுத்தாளர், புரட்டஸ்டண்டு, சுயாட்சி ஆதரவாளர். ஐம்பது வயதைத் தாண்டியபின் 1915-இல் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்து, கொனாக்ட் ரேஞ்சர்ஸ் படையில் கேப்டன் ஆனார். இவருடைய தாயின் தந்தைதான் வில்லியம் ஸ்மித் ஓபிரையன். 1847-இல் கால்வே தேர்ந்தெடுத்த மோனஹன் யார்மீது வழக்கு நடத்தினாரோ, அவருடைய பேரன் அதே கால்வேயின் கடைசி உறுப்பினரானார்.

தொகுதி ஏன் ஒழிக்கப்பட்டது?

1918 மறுவரையறை மக்கள்தொகையைக் கணக்கில் எடுத்தது. அப்போது நகரத்தில் இருந்தவர்கள் சுமார் 13,000 பேர்தான். தனி உறுப்பினருக்கு அது போதவில்லை. நகரம் 'கால்வே கானமாரா' தொகுதியோடு இணைக்கப்பட்டது. 30 வயது கடந்த பெண்களுக்கு வாக்குரிமை தந்த சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. ஆகவே பழைய நகரத் தொகுதியின் 117 ஆண்டுகளில் மக்களவைத் தேர்தலில் ஒரு பெண்கூட சட்டப்படி அங்கே வாக்களித்ததில்லை.

1918 டிசம்பர் தேர்தலில் புதிய தொகுதியை ஷின் ஃபெயின் கட்சியின் பாத்ரிக் ஓ மாலியா கைப்பற்றினார்; அவர் லண்டனுக்குப் போகாமல் டப்ளினில் கூடிய முதல் 'டால்' எனும் ஐரிஷ் அவையில் அமர்ந்தார். இப்போது கால்வே நகரம் ஐந்து உறுப்பினர்களைக் கொண்ட 'கால்வே மேற்கு' தொகுதியில் அடங்குகிறது.

பழைய தொகுதியின் தடயம் எதையாவது ஊரில் இன்று காணலாமா?

ரயிலில் வந்து இறங்கினால் ஐர் சதுக்கம். அதன் ஓரத்தில், பார்னெல் தம் கட்சியைப் பணியவைத்த பழைய ரயில்வே ஹோட்டல் இன்றும் ஹோட்டலாகவே நிற்கிறது. சதுக்கத்தில் 1873-இல் டங்கெலின் பிரபுவுக்கு வெண்கலச் சிலை ஒன்று நிறுவப்பட்டது. டப்ளினில் ஓகானல் நினைவுச் சின்னத்தை வடித்த ஜான் ஹென்றி ஃபோலிதான் அதையும் வடித்தார். அந்தக் குடும்பத்தின் குத்தகைக்காரர்கள் பட்ட பாடு ஊர் மறக்கவில்லை. 1922-இல் கூட்டம் சிலையைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்து, கடலில் கொண்டுபோய்ப் போட்டது. பிறகு 1935-இல் அந்தச் சதுக்கத்தில் ஐரிஷ் மொழி எழுத்தாளர் பாத்ரிக் ஓ கானரேயின் சிறிய கற்சிலை வைக்கப்பட்டது. 1999-இல் சில இளைஞர்கள் அதன் தலையை உடைத்துத் தூக்கிச் சென்றார்கள், தலை மீட்கப்பட்டு ஒட்டப்பட்டது. இப்போது மூலச் சிலை நகர அருங்காட்சியகத்துக்குள்ளும், அதன் வெண்கலப் பிரதி சதுக்கத்திலும் இருக்கின்றன.